குச்சு நிற்க ஒரு தரை

வீரணனுக்கு இங்கிலீஷ் எழுத்தை வரையத்தான் தெரியும், படிக்கத் தெரியாது. அதனால் வேலையில் ஒரு குறையும் வந்ததில்லை. உசிலம்பட்டிப் பக்கம் சுவர்களில் கட்சிச் சின்னம் எழுதிக்கொண்டிருந்தவர், எண்பத்து மூன்றில் வானம் பொய்த்ததும் மனைவி ஒச்சம்மாளையும் நாலு வயது மகள் ராமாயியையும் கூட்டிக்கொண்டு திருப்பூருக்குப் பஸ் ஏறினார். நல்லூரில் நஞ்சப்பனின் பிரிண்டிங் பட்டறையில் டிரேசிங் வேலை கிடைத்தது. வெளிநாட்டிலிருந்து ஒரு படம் வரும். அதில் எத்தனை நிறமோ அத்தனை ஃபிலிம் போட வேண்டும். ஒவ்வொரு நிறத்தையும் தனியாகப் பிரித்துக் கறுப்பு மையில் வரைய வேண்டும். அந்த ஃபிலிமிலிருந்து ஸ்க்ரீன் செய்வார்கள், ஸ்க்ரீனை வைத்துப் பனியனில் அச்சடிப்பார்கள். கோடு மயிரிழை தப்பினாலும் சிவப்பு போய்ப் பச்சைக்குள் உட்கார்ந்துகொள்ளும். வீரணன் போட்ட கோடு தப்பியதில்லை.

கூலியோடு ஓர் அறையும் கொடுத்தார் நஞ்சப்பன். பட்டறைக்குப் பக்கத்தில் ஆஸ்பெஸ்டாஸ் போட்ட லைன் வீடு. வரிசையாகப் பத்துக் கதவு, எல்லோருக்கும் ஒரே குழாய். வாடகை கிடையாது. பட்டறையில் வேலை இருக்கும்வரை அறை இருக்கும். அப்படி யாரும் எழுதி வைக்கவில்லை. ஆனால் பத்துக் கதவுக்கும் அது தெரியும்.

தொண்ணூற்றிரண்டு ஆனி மாதத்தில் ஒரு விசித்திரமான ஆர்டர் வந்தது. குழந்தைகள் பனியன். இங்கிலாந்தில் பழங்கால வீடுகளைக் கெடாமல் வைத்துக் காட்டுகிற ஓர் இடத்தின் கடைக்காக. ஒவ்வொரு பனியனிலும் ஒரு வீட்டின் படம், அதன் கீழே அந்த வகை வீட்டுக்கு அந்தக் காலத்து இங்கிலீஷில் என்ன பேரோ அது. கூடவே தொங்கவிடும் அட்டையில் அடிக்க, ஒவ்வொரு சொல்லும் எங்கே பிறந்தது, என்ன பொருள் என்று நாலு வரி.

ஆபீஸில் திருமூர்த்தி என்று ஒரு பொங்கலூர்க்காரர் இருந்தார். பி.ஏ. இங்கிலீஷ். படித்த படிப்புக்கு அதுவரை சரக்கு அனுப்பிய விவரம் டைப் அடித்ததோடு சரி. இந்த ஆர்டர் வந்ததும் மனுஷனைக் கையில் பிடிக்க முடியவில்லை. சாப்பாட்டு நேரத்தில் தாள்களை எடுத்துக்கொண்டு டிரேசிங் மேஜைக்கே வந்துவிடுவார்.

"வீரணண்ணா, இதக் கேளுங்க. இது 'பார்ன்'. நம்ம களஞ்சியமாட்ட. பிரிச்சுப் பாத்தா பார்லி ஊடுங்களாமா. பார்லிக்கு ஒரு சொல்லு, ஊட்டுக்கு ஒரு சொல்லு, ரெண்டையும் ஒட்டிப்போட்டாங்க."

"இந்தப் படம்?"

"அது 'பையர்'. மாட்டுக் கொட்டாய்."

"மெதுவாச் சொல்லுங்கய்யா. நம்ம சரக்கு வாங்குற பையர் காதுல விழுந்தா ஆர்டரக் கேன்சல் பண்ணிருவாரு."

திருமூர்த்தி சிரித்து முடிக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. "இன்னொண்ணு இருக்குதுங்க, 'பௌவர்'. பொம்பளைங்க தனியா இருக்கற உள்ளறை. அந்தச் சொல்லும் மாட்டுக் கொட்டாயும் ஒரே வேருங்களாமா. தங்கி வாழற எடம்னு அர்த்தம். ஆளுக்குக் கட்டுனா பௌவர், மாட்டுக்குக் கட்டுனா பையர்."

அன்றைக்குச் சனிக்கிழமை. அப்பாவுக்குச் சோறு கொண்டுவந்த ராமாயி மேஜை மேலிருந்த இன்னொரு படத்தை எட்டிப் பார்த்து, எழுத்துக் கூட்டி, "லாட்ஜ்" என்றாள். "அப்பா, பஸ் ஸ்டாண்டுகிட்ட போர்டு மாட்டியிருக்கே, அதுப்பா. ஆனா படத்துல வெறும் தழைக் குடிசைதான் இருக்கு."

எட்டாம் வகுப்புக்காரி. தான் அர்த்தம் தெரியாமல் வரைந்து தள்ளுவதை மகள் படிக்கிறாள் என்பதில் வீரணனுக்கு இருந்த பெருமையைச் சொல்லி மாளாது. அவள் பத்தாவது முடிக்க வேண்டும், ஆபீஸில் உட்கார வேண்டும் என்பதைத் தவிர அவருக்கு வேறு கணக்கு இருந்ததில்லை.

"பாப்பா சொல்றது சரிதானுங்க," என்றார் திருமூர்த்தி. "பிரான்சுப் பக்கமிருந்து வந்த சொல்லு. அதுக்கு மூலம் இலைங்கறாங்க. காட்டுல இலையும் தழையும் வெச்சுக் கட்டுன ஒதுங்கிடம்தான் மொதல்ல லாட்ஜு."

"எங்க ஊர்ல இதக் குச்சுங்கறது," என்றார் வீரணன். "பொம்பளப் புள்ள வயசுக்கு வந்தா, தாய்மாமன் அவன் தோப்புலேருந்து பச்சைக் கீத்து வெட்டியாந்து கட்டணும். தண்ணி ஊத்தற நாள் வரைக்கும் புள்ள அதுலதான் இருக்கும்."

ராமாயி தூக்குவாளியை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

அடுத்த புதன்கிழமை காலை, குழாயடியிலிருந்து ஓடிவந்த ஒச்சம்மாள் கணவரைப் பட்டறை வாசலுக்குக் கூப்பிட்டு, ராமாயி வயசுக்கு வந்த விஷயத்தைச் சொன்னாள். சொல்லும்போதே அவள் முகத்தில் சந்தோஷத்தைவிடப் பயம்தான் அதிகம் இருந்தது. வீரணனுக்கும் அதே நினைப்புதான் வந்தது: மச்சான் மொக்கைச்சாமி.

அந்தச் சித்திரையில் ஊர்த் திருவிழாவுக்குப் போனபோது ஒச்சம்மாளின் அண்ணன் மொக்கைச்சாமி பேச்சை எடுத்தார். மருமகளைத் தன் மகனுக்குத்தான் கட்ட வேண்டும், திருப்பூரில் பள்ளிக்கூடம் போனது போதும் என்றார். வீரணன் முடியாது என்றார். வாய் தடித்தது. கடைசியில் பெரியவர்கள் நடுவில் நின்று ஒரு பேச்சு முடிந்தது. "மாப்ள, புள்ள வயசுக்கு வந்தா குச்சு ஒன் வாசல்லதான நிக்கணும்? ஒனக்கு வாசல் எங்கய்யா இருக்கு? எடம் காட்டு, நானே வந்து கட்டுறேன். அவ படிக்கட்டும், நான் வாயத் தொறக்கல. எடமில்லேன்னா புள்ள என் வாசலுக்கு வந்துரணும். வந்தா வந்ததுதான், திரும்ப அனுப்ப மாட்டேன்."

"காட்டுறேன் மச்சான்," என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டு வந்திருந்தார்.

லைன் வீட்டின் எதிரில் ஓர் ஆள் நடக்கிற சந்து. அங்கே குச்சு கட்டினால் மற்ற ஒன்பது வீட்டுக்காரர்களும் வெளியே வர முடியாது. ஆனால் பட்டறைக்குப் பின்புறம் ஒரு துண்டுத் தரை இருந்தது. கழுவிய ஸ்க்ரீன்களைக் காய வைப்பார்கள். வீரணன் நேராக நஞ்சப்பனிடம் போனார்.

"அட, இதுக்கு எதுக்குங்க இவ்வளவு தயக்கம்?" என்றார் நஞ்சப்பன். "நல்ல காரியமல்லங்க. தாராளமாக் கட்டிக்குங்க. எங்கள்லயும் குடிசை கட்டுவாங்க, சீர் வைப்பாங்க. ஸ்க்ரீனை எல்லாம் நான் இந்தப் பக்கம் மாத்தச் சொல்லிப்போடறேன்."

வீரணனுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. உடனே ஊருக்கு ஆள் மூலம் சொல்லி அனுப்பினார். மறுநாள் மத்தியானம் மொக்கைச்சாமி பஸ் கூரையில் பச்சைக் கீற்றுக் கட்டுகளோடு வந்து இறங்கினார். இடத்தை ஒருமுறை சுற்றி வந்தார். காலால் தரையைத் தட்டிப் பார்த்தார். குறை சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை.

"பரவால்ல மாப்ள. எடந்தான் காட்டிட்ட."

நாலு கால் நட்டு, கீற்று வேய்ந்து, வேப்பங்குழை செருகி, வாசலில் உலக்கையைக் குறுக்கே போட்டு, சாயங்காலத்துக்குள் குச்சு நின்றுவிட்டது. ராமாயி உள்ளே போய் உட்கார்ந்தாள். உட்கார்ந்த பிறகு தண்ணீர் ஊற்றும் நாள்வரை அதைப் பிரிக்கக் கூடாது. பிரிப்பதும் கொளுத்துவதும் மாமன் வேலை, அதுவும் அந்த நாளில்தான்.

மறுநாள் காலையில் நஞ்சப்பனும் அவர் மனைவி தெய்வாத்தாளும் தாம்பாளத்தில் பழமும் பூவும் எடுத்துக்கொண்டு வந்தார்கள். வீரணன் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு எழுந்து நின்றார்.

"ஏனுங்க வீரணன், உங்ககிட்ட ஒரு ரோசனை கேக்கலாம்னு வந்தோமுங்க," என்று ஆரம்பித்தார் நஞ்சப்பன்.

பட்டறையை ஒட்டி அவர் புது வீடு கட்டிக்கொண்டிருந்தார். அஸ்திவாரம் முடிந்து, தலைவாசலுக்கு மரச் சட்டம் நிறுத்த வேண்டும். நிலவு வைப்பது என்பார்கள். வீடு கட்டுவதில் அவர்களுக்கு அதைவிடப் பெரிய சடங்கு இல்லை. ஆவணியில்தான் என்றிருந்தார்கள். நேற்றுப் பல்லடத்து ஜோசியர் திரும்பக் கணக்குப் போட்டுப் பார்த்திருக்கிறார். ஆவணியில் நஞ்சப்பன் ஜாதகத்துக்கு நாளே இல்லை, ஆடி ஆகாது, வருகிற திங்கட்கிழமையை விட்டால் தைக்குத்தான் என்று சொல்லிவிட்டார். நிலவு நிற்கப் போகிற இடத்துக்கும் குச்சுக்கும் நடுவே ஒரு சுவர்தான்.

"தீட்டு கீட்டுன்னு நான் பாக்கறவன் இல்லீங்க," என்றார் நஞ்சப்பன். "எங்க ஊட்டுப் பெரியவங்க வருவாங்க. அவங்க பேசுவாங்க."

"அந்தக் கண்ணு எங்க பொண்ணாட்டந்தானுங்க," என்றாள் தெய்வாத்தாள். உண்மையாகவே அவள் கண் கலங்கியிருந்தது. "அதும் மனசு நோகக் கூடாதுங்க."

"நாங்க எடுக்கச் சொல்லலீங்க. சொன்ன சொல்லு சொன்னதுதான். குச்சு இருக்கட்டும்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க, நாங்க நிலவைத் தைக்குத் தள்ளிக்கறோம். நீங்க எப்படிச் சொல்றீங்களோ அப்படி."

'எடுடா' என்று ஒரு வார்த்தை அவர் சொல்லியிருந்தால் வீரணன் சண்டை போட்டிருப்பார். ஊரில் வளர்ந்த பழக்கம் அது. சண்டை என்றால் அவருக்குப் புரியும். தாம்பாளத்தை நீட்டிக்கொண்டு நிற்கிறவர்களிடம் என்ன செய்வது? உன் வீட்டை ஆறு மாசம் நிறுத்திவை என்று, அவர் கொடுத்த அறையில் குடியிருந்துகொண்டு, அவர் முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது? ஒன்பது வருஷமாக அந்த மண்ணில் கற்றுக்கொண்ட மரியாதை நாக்கில் வந்து நின்றது.

"இல்லீங்க மொதலாளி. நீங்க நிலவு வைங்க. நான் பாத்துக்கறேனுங்க."

"கேக்கறதுக்கே சங்கட்டமா இருக்குதுங்க."

"அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க."

அவர்கள் போனதும் மொக்கைச்சாமி வேப்பங்குச்சியைத் துப்பிவிட்டுக் கேட்டார். "பாத்துக்கறேன்னா எதய்யா பாத்துக்கறது? நீயென்ன அவுகளுக்கு மேல 'ங்க' போடுற?"

"வேற எடம் பாத்துருவோம் மச்சான்."

"உள்ள உக்காந்த குச்சப் பிரிக்கக் கூடாது, தெரியும்ல?"

"தூக்கிட்டுப் போவோம்."

அப்படித்தான் அந்தக் குச்சு நடக்க ஆரம்பித்தது.

முதலில் வீரணன் மட்டும் நல்லூரைச் சுற்றினார். கேட்ட இடத்திலெல்லாம் உட்காரச் சொன்னார்கள், மோர் கொடுத்தார்கள். "நம்முளுது சொந்த எடம் இல்லீங்களே" என்றார் ஒருவர். "போன வாரம் வந்திருந்தீங்கன்னா குடுத்திருப்பமுங்க, நேத்துத்தான் மெஷின் எறக்கினோம்" என்றார் இன்னொருவர். யாரும் பொய் சொல்லவில்லை. அந்த வருஷம் நல்லூரில் காலி இடம் என்று பார்த்தால் வெள்ளைக் கல் நட்டிருந்தது, கல் இல்லையென்றால் ஷெட் இருந்தது. ஷெட்டும் இல்லாத இடத்தில் சாயத் தண்ணீர் ஓடியது.

களைத்துப்போய்ப் பட்டறைக்கு வந்தபோது மேஜையில் கடைசி டிசைன் காத்திருந்தது. வீரணன் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். புல், ஒரு வேலி, வேலிக்குள் ஒன்றுமில்லை.

"இதுல ஊடு எங்கய்யா? பிரிண்ட் விழுகலையா?"

"'டாஃப்ட்'ங்க," என்றார் திருமூர்த்தி. இந்தத் தடவை அவர் குரலில் உற்சாகம் இல்லை. "வடக்க கடல் தாண்டி வந்தவங்க கொண்டாந்த சொல்லு. அது ஊட்டோட பேரு இல்லீங்க. ஊடு நிக்கற தரை. ஊடு இடிஞ்சு போனாலும் அந்தத் தரைக்கு அந்தப் பேரு இருக்குமாமா. அது யாருதுன்னு பாத்துத்தான் ஊர்ல பங்கெல்லாம்."

"அது இல்லாதவனுக்கு என்ன பேரு?"

"இருக்குதுங்க. போன வாரம் போட்டீங்களே 'காட்டேஜ்', சின்ன ஓட்டு ஊடு. அதுல இருந்தவன். தரை பண்ணையாருது, ஊடும் பண்ணையாருது. வேலை செஞ்சுட்டு இருக்கற வரைக்கும் இருந்துக்கலாம்."

வீரணன் பேனாவை மையில் தொட்டார். வெறும் தரைக்கு ஒரே நிறம்தான். ஒரு ஃபிலிம் போதும். பாதிப் புல்லை ஒவ்வொன்றாக இழுத்தார். பேனாவைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார்.

சந்து முனையில் மனை பிரித்துப் போட்டிருந்த ஒரு சைட் இருந்தது. கேட்பதற்கு ஆள் இல்லை, உரிமையாளர் கோயம்புத்தூரில். மத்தியானத்துக்கு முன்பே டேபிள் பிரிண்டிங் ஆட்கள் நாலு பேர் வந்து காலுக்கு ஒருவராக நின்றார்கள். நாள் முழுக்க ஸ்க்ரீனைத் தூக்கி வைக்கிற கைகள். ஒரே மூச்சில் குச்சைத் தரையிலிருந்து பிடுங்கித் தூக்கினார்கள். ராமாயி உள்ளேயே எழுந்து நின்றாள். ஆகாயமும் ஆணும் அவளைப் பார்க்கக் கூடாது. கீற்றுக்குக் கீழே மஞ்சள் பூசிய பாதங்கள் மட்டும் தெரிந்தன. குச்சு நகர நகர அந்தப் பாதங்களும் நகர்ந்தன. முன்னால் மொக்கைச்சாமி உலக்கையோடு நடந்தார். பக்கத்தில் ஒச்சம்மாள். பின்னால், எதற்கென்று தெரியாமல் குடையை எடுத்துக்கொண்டு திருமூர்த்தி.

டீக்கடையிலிருந்து ஒருவன் கத்தினான். "ஏனுங்க, தேரு இந்த வருசம் சீக்கிரமே கெளம்பீருச்சாட்ட இருக்குது!"

"வடம் பிடிக்க வர்றியாடா?" என்று மொக்கைச்சாமி உலக்கையைத் தூக்கினார். பல்லடம் போகிற தனியார் பஸ் ஒன்று வேகம் குறைத்து, ஜன்னல் ஜன்னலாக முகம் காட்டிவிட்டுப் போனது.

உள்ளேயிருந்து குரல் வந்தது. "அப்பா, இன்னும் எவ்வளவு தூரம்?"

"வந்துட்டோம் தாயி."

சைட்டில் இறக்கிக் கால் நட்டு, ஒச்சம்மாள் கூழ் கரைத்துக் கொடுப்பதற்குள் எங்கிருந்தோ சைட்டுக் காவல்காரர் வந்துவிட்டார். கைகூப்பிக்கொண்டே வந்தார். "தப்பா நெனைக்காதீங்க. ஐயருகிட்டச் சொல்லி பூமி பூஜை போட்ட எடமுங்க. ஓனருக்கு போன் பண்ணிக் கேட்டனுங்க. பாவம்தான், ஆனா வேண்டாம்னு சொல்லிப்போட்டாருங்க."

மறுபடியும் தூக்கினார்கள். லைன் வீட்டுச் சந்துக்குக் கொண்டுவந்தார்கள். பெண்கள் எல்லோரும் வெளியே வந்து நின்றார்கள். "வெக்கிறதுக்கு எங்களுக்கு ஒண்ணுமில்லீங்கக்கா. நாங்க எங்கிட்டுப் போறது? குழாய்க்கே போக முடியாதுங்களே," என்றாள் பக்கத்துக் கதவுக்காரி. அவளுக்கு அன்று ஷிப்ட் இருந்தது. பேசிக்கொண்டே டிபன் டப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு சுவரோடு ஒட்டி, குச்சு உரசாமல் பார்த்து வெளியேறினாள்.

தூக்கியவர்களுக்குக் கை ஓய்ந்தது. மாற்றி மாற்றித் தோள் கொடுத்தார்கள். சாலையோரம், புளியமரத்தடியில் நின்றபோது லாரி ஒன்று அடித்துக்கொண்டு போன காற்றில் ஒரு பக்கத்துக் கீற்று பிய்ந்து பறந்தது. ராமாயி உள்ளே சுருண்டு உட்கார்ந்துவிட்டாள். ஒச்சம்மாள் தன் முந்தானையை அந்த ஓட்டையில் விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

மொக்கைச்சாமி உலக்கையைத் தரையில் ஊன்றினார். "எறக்குங்கப்பா. போதும்."

"மச்சான், அந்தப் பக்கம் ஒரு எடம் இருக்கு, கேட்டுட்டு வந்துர்றேன்."

"மாப்ள, போதும்யா." அவர் குரல் உயரவில்லை. "நான் சண்டைக்கு வரல. எடம் காட்டுன்னேன். காட்டத்தான செஞ்ச? இந்த ஊரு ஒனக்குக் குடுக்கல. ஒம் மேல தப்பில்ல."

தப்பு இருக்கிறது என்று சொல்லியிருந்தால் தேவலை போலிருந்தது வீரணனுக்கு. சித்திரையில் பெரியவர்கள் முன்னால் ஒத்துக்கொண்ட பேச்சு.

குச்சை மொக்கைச்சாமியே பிரித்தார். பிரிக்கக் கூடாத நாளில் பிரிக்கிறோம் என்று அவருக்கும் கை கூசியது. சேலையைச் சுற்றிலும் பிடித்துக்கொண்ட லைன் வீட்டுப் பெண்களுக்கு நடுவில் ராமாயி போர்வை போர்த்தி நின்றாள். கீற்றில் உருப்படியானதை மட்டும் கட்டி எடுத்துக்கொண்டார்கள்.

வீரணனும் கிளம்பத்தான் நினைத்தார். "தாராளமாப் போயிட்டு வாங்க," என்றார் நஞ்சப்பன். மேஜையில் பாதியில் கிடந்த ஃபிலிமை ஒருமுறை பார்த்தார். சரக்குக் கப்பல் ஏறுகிற தேதி எல்லோருக்கும் தெரியும். வீரணன் தங்கிவிட்டார். தெய்வாத்தாள் ஒரு பட்டுப் பாவாடையும் தாவணியும் கொண்டுவந்து கொடுத்தாள். அது விலை கூடியதுதான். "முடிஞ்சதும் கூட்டியாந்துருங்க. கண்ணு இல்லாம லைனே வெறிச்சுனு போயிரும்," என்றாள்.

"ஆகட்டுங்க," என்றார் வீரணன்.

பஸ் ஸ்டாண்டில் கண்டக்டர் கீற்றுக் கட்டுக்கு லக்கேஜ் கேட்டார். மொக்கைச்சாமி பேரம் பேசினார். ஜன்னலோரம் ஒச்சம்மாளுக்கும் கம்பிக்கும் நடுவில் போர்வை மூட்டையாக ராமாயி. முகம் தெரியவில்லை. வண்டி கிளம்பும்போது உள்ளேயிருந்து, "அப்பா, டீச்சர்கிட்டச் சொல்லிருங்க. திங்கக்கிழமை பரீட்சை இருக்கு," என்றாள்.

வீரணன் பஸ் ஸ்டாண்டிலிருந்து நேராகப் பள்ளிக்கூடத்துக்கு நடந்தார். மணி அடித்துப் பிள்ளைகள் கலைந்துகொண்டிருந்தார்கள். வகுப்பு டீச்சர் சைக்கிள் ஸ்டாண்டருகே நின்றிருந்தார். விஷயத்தைக் கேட்டதும் சிரித்தார்.

"சந்தோசமுங்க. அதுக்கென்ன, பரீட்சையத் தனியா எழுதிக்கலாம். எப்ப வருவா?"

"வந்துருவா டீச்சர்," என்றார் வீரணன்.

டீச்சர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கேட்டைத் தாண்டிப் போனார். காவலாளி வந்து, "கேட்டைப் பூட்டணுமுங்க," என்று சொல்லும்வரை வீரணன் அங்கேயே நின்றார்.